சுளவு மேஸ்திரியின் சுண்ணாம்புக் குறி

நாகர்கோவிலைச் சுற்றி இருபது மைலுக்குள் ஸ்டியரிங் பிடித்தவன் எவனாக இருந்தாலும், சுளவு மேஸ்திரிக்கு முன்னால் ஒரு தடவையாவது பேயாட்டம் ஆடியிருப்பான். நான் ஆடவில்லை என்று ஒருவன் சொன்னால் அவன் பொய்யன். இல்லாவிட்டால் அவன் ஓட்டியது மாட்டுவண்டி. தலை நரைத்த பஸ் டிரைவர்கள் ஆடியிருக்கிறார்கள். லாரிக்காரர்கள் ஆடியிருக்கிறார்கள். நானும் ஆடியிருக்கிறேன், இரண்டு தடவை. முதல் தடவை, சந்தைக்குப் போகிற கூட்டமே நின்று சிரித்தது. இரண்டாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்த இரண்டாவது தடவையைத் தொடாமல் இத்தனை வருஷம் பத்திரிகையில் ஊரார் கோமாளித்தனங்களையே எழுதிச் சமாளித்துவிட்டேன். இந்த வாரம் கைவசம் வேறு சரக்கு இல்லை.

சுளவு என்றால் எங்கள் பக்கத்தில் முறம். அரிசி புடைக்கிற அதே முறம்தான். மேஸ்திரிக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். தாய் தகப்பன் முறத்தின் பெயரையா வைத்திருப்பார்கள்? ஆனால் அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. சண்டைக் காலத்தில் அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் இருந்தவர். சண்டை முடிந்து மற்றவர்கள் டிரங்குப் பெட்டியும் கம்பளியுமாகத் திரும்பினார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு காக்கிக் கால்சட்டையும், டிரைவர்கள் அத்தனை பேரும் பொய்யர்கள் என்கிற ஞானமும் மட்டும்தான்.

“வண்டி பொய் சொல்லாதுவே. ஓட்டுறவன் வாய்தான் சொல்லும்” என்பார். “மொதலாளி பக்கத்துல நிண்ணா, ‘கொஞ்சம் ஆடுது’ம்பான். மொதலாளி அங்கோட்டுத் திரும்பினா, ‘சாவப் பாத்தேன் மேஸ்திரி’ம்பான். ரெண்டும் பொய்யாக்கும். கைக்கு அந்த வித்தை தெரியாது.”

அதனால் அவருடைய ஷெட்டில் வாய் திறக்கக் கூடாது. வடசேரிச் சந்தைக்குப் போகிற வழியில் நாலு தென்னந்தூணும் ஓலைக்கூரையுமாக இருந்த ஷெட். வண்டி ஆடுகிறது என்று யாராவது வந்தால், மேஸ்திரி வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஓட்டி வந்தவனை ஒரு முக்காலியில் உட்கார வைத்து, கையில் சுளவைக் கொடுத்து, அதில் இரண்டு பிடி காணத்தைப் போடுவார். அதாவது கொள்ளு.

“ம், ஓட்டு” என்பார்.

சுளவுதான் ஸ்டியரிங். கண்ணை மூடிக்கொண்டு, ரோட்டை நினைத்துக்கொண்டு, வண்டி எப்படி ஆடியதோ அப்படியே ஆட்டிக் காட்ட வேண்டும். மேஸ்திரி எதிரே குத்துக்காலிட்டு, வெற்றிலை மென்றபடி காணத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். காணம் மேலும் கீழும் துள்ளினால் கோளாறு சக்கரத்தில். இடமும் வலமும் ஓடினால், சக்கரத்தைத் திருப்புகிற மூட்டுகளில். பிரேக் பிடிக்கிற இடத்தில் மட்டும் துள்ளினால் பிரேக் டிரம்மில். சிரிப்பாக இருக்கிறதல்லவா? எனக்கும் இருந்தது. ஆனால் சுளவைப் பார்த்து அவர் சொன்னது, வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது பிசகியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒருநாள் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வண்டியோடு வந்தார். உடுப்பு, பெல்ட்டு, தொப்பி சகிதம் முக்காலியில் உட்கார்ந்து சுளவை ஆட்டினார். அவர் கைப்பிரம்பின் ருசி அறிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் எதிர்ச் சாரியில் நின்று, இந்தக் காட்சிக்காகத்தான் பிறந்தோம் என்கிற முகத்தோடு பார்த்தார்கள். மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தொப்பியக் கழத்தணும் சார். தொப்பி தனியா ஆடுது. கணக்குத் தப்புது.”

கழற்றினார்! சர்க்கார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆடினார்.

சோதனை முடிந்ததும் தீர்ப்பு. மேஸ்திரி வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை ஆள்காட்டி விரலில் வழித்து, பானட்டின் மேல் இழுப்பார். நேராக ஒரு கோடு போட்டால் வண்டி ஓடலாம். பெருக்கல் குறி போட்டால் ஓடக் கூடாது. அந்தச் சுண்ணாம்புக்கு ஊரில் கோர்ட்டு முத்திரைக்கு இல்லாத மரியாதை இருந்தது. ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளை கார் ஒன்றில் பெருக்கல் குறி போட்டுவிட்டார். மாப்பிள்ளை, மாலையும் கழுத்துமாகப் பார்வதிபுரம் வரைக்கும் நடந்தார். கூட வந்த மேளக்காரர்கள் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். ஷெட்டுக்குக் கதவு கிடையாது, பூட்டுக் கிடையாது. குறி போட்ட வண்டியை யாரும் தொட மாட்டார்கள் என்பதுதான் பூட்டு. அந்தப் பூட்டை உடைத்த முதல் ஆள் யார் என்பதற்கு வருகிறேன்.

சமஸ்தானம் போய்த் திரு-கொச்சி வந்து, நாங்கள் இன்னும் சென்னையோடு சேராமல் இருந்த காலம். எனக்கு இருபத்தைந்து வயது. கருங்கல் என்கிற ஊரில் கொப்பரை மொத்த வியாபாரம் செய்த முதலாளி ஒருவரிடம் கடிதம் எழுதுகிறவனாகச் சேர்ந்து, டிரைவராகவும் ஆக்கப்பட்டேன். ஆக்கியது ஒரு ஜீப். பட்டாளத்தார் கழித்துவிட்டதை முதலாளி ஏலத்தில் எடுத்திருந்தார். கதவு கிடையாது. கூரை கித்தான். ஸ்டியரிங் இடப்பக்கம். நாம் போவதும் ரோட்டின் இடப்பக்கம் என்பதால், முன்னால் போகிற வண்டியைத் தாண்ட வேண்டுமானால் எதிரே என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. வலப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முதலாளி தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். “போலாம்” என்று அவர் சொன்ன பிறகு எதிரே பஸ் வந்தால், “நிக்கப்பிடாதா அவனுக்கு?” என்பார்.

இருபத்தைந்து மைல் வேகம் வரை ஜீப் பசு. முப்பதைத் தொட்டு, முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியதோ, போச்சு. ஸ்டியரிங் இடமும் வலமுமாக என் கையைப் பிடுங்கும். முன்சக்கரங்கள் இரண்டும் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டும். வேகம் காட்டும் முள், பத்துக்கும் அறுபதுக்கும் நடுவில் உமக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளும் என்று துடிக்கும். என் பல்லும் முதலாளியின் வெற்றிலைப் பெட்டியும் ஒரே தாளத்தில் அடிக்கும்.

முதல் தடவை இது வில்லுக்குறி இறக்கத்தில் நடந்தது. இறக்கம் முடிவதற்குள் மண்டைக்காட்டு அம்மனுக்கு நூறு வெடி, கோட்டாறு பெரிய கோயிலுக்கு என் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி, சாமித்தோப்புக்குக் கால்நடையாக வருவது என்று மூன்று இடத்தில் நேர்ந்துவிட்டேன். வண்டி நின்றபோது, இத்தனையையும் நிறைவேற்றுவதற்கு ஜீப்போடு போய்ச் சேர்ந்திருக்கலாமே என்று தோன்றியது.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏலே, ஆடுகது வண்டியா, நீயா?”

“வண்டிதான் முதலாளி.”

“வண்டி நிண்ணு அரை நாழியாச்சே. நீ இன்னும் ஆடுகியே?”

மறுநாள் ஜீப்போடு என்னைச் சுளவு மேஸ்திரியிடம் அனுப்பினார்.

முக்காலியில் உட்கார்ந்தேன். சுளவு. காணம். “ம், ஓட்டு.” கண்ணை மூடி வில்லுக்குறி இறக்கத்தை நினைத்தேன். நினைத்ததுதான் தெரியும். கை, தோள், கழுத்து, குடுமி இல்லாத குறைக்குத் தலைமயிர் எல்லாம் சேர்ந்து ஆடின. காணம் நாலு திசையும் பறந்தது. கூட்டம் கூடிவிட்டது. மண்டைக்காட்டு அம்மனுக்கு மாசிக் கொடை, அதாவது திருவிழா, நெருங்குகிற சமயம். தலையில் மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றாள். இராஜாக்கமங்கலம் துறையிலிருந்து தினமும் மீன் கொண்டுவருகிற பிலோமி. அவள் வாய்க்கு வடசேரிச் சந்தையில் எதிர்வாய் கிடையாது.

“ஏ மேஸ்திரி, இந்தப் பிள்ளைக்கு எந்தச் சாமிவே எறங்கியிருக்கு?”

“வண்டிச் சாமி” என்றார் மேஸ்திரி.

“நல்ல சாமிதான். கொஞ்சம் மஞ்சத்தண்ணி ஊத்தும், இல்லேண்ணா உம்ம காணமெல்லாம் ரோட்டுலயாக்கும்!”

கூட்டம் சிரித்துச் சாய்ந்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. சிதறிய காணத்தைப் பொறுக்கிச் சுளவில் போட்டு, அதை என் கையில் மறுபடி வைத்தார்.

“மக்கா, இதுல வண்டி காலு. வெப்ராளம் முக்காலு” என்றார். பயமும் பதற்றமும் சேர்ந்து அடிக்கிற அடிக்கு எங்கள் ஊரில் வெப்ராளம் என்று பேர். “அந்த முக்காலை வெளிய போட்டாத்தான் இந்தக் காலு எனக்குத் தெரியும். மூச்ச விடு. பைய ஓட்டு.”

ஏழு தடவை ஓட்டினேன். ஏழாவது தடவை, காணம் ஒழுங்காக இடமும் வலமும் ஓடிற்று. மேஸ்திரி எழுந்து முதல் முறையாக ஜீப்பைப் பார்த்தார்.

முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்னாலும், பின்சக்கரத்தைக் கழற்றி முன்னாலும் மாட்டி, தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஆட்டம் அப்படியே இருந்தது. “அப்பம் டயர் நிரபராதி” என்றார். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தின் தலையில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து அசைத்தார். கடக், கடக். என்னை ஏறி உட்கார்ந்து பிரேக்கை அமுக்கச் சொன்னார். அமுக்கிக்கொண்டிருக்கும்போது மறுபடி அசைத்தார். கடக், கடக்.

“பிரேக்கு பிடிச்சா சக்கரமும் அச்சும் ஒண்ணாப் போச்சு, இல்லியா? பின்னயும் ஆட்டம் இருக்கு. அப்பம் களவாணி சக்கரத்துல இல்ல, அதுக்கும் உள்ள” என்றார். கதவு திரும்புவதற்குக் கீல் இருப்பதுபோல, முன்சக்கரம் திரும்புவதற்கு ஒரு குத்து ஆணி உண்டாம். கிங்பின். அதன் மேலும் கீழும் ஒவ்வொரு பேரிங். பிரித்தார். பேரிங் தேய்ந்து, பொக்கைவாய் போல் இளித்தது. ஆட்டம் தெரியாமல் இருக்க, யாரோ பிஸ்கட் தகரத்தை வெட்டி இடையில் செருகி வைத்திருந்தார்கள். மேஸ்திரி அந்தத் தகரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒருத்தன் பொய் சொல்லியிருக்கான்” என்றார், செத்தவனைப் பற்றிச் சொல்வதுபோல.

புது பேரிங் நாகர்கோவிலில் கிடைக்காது. திருவனந்தபுரத்தில் பட்டாளச் சாமான் விற்கிற கடைக்குத் தானே போவதாகச் சொன்னார். “நாளைக்குப் போய், மறுநா சாயங்காலம் வந்திருவேன். அது வரைக்கும் வண்டி இங்க கிடக்கட்டும்.” ஜாக்கி வேறு வண்டிக்கு வேண்டியிருந்ததால் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி ஜீப்பைத் தரையில் இறக்கினார். அதற்குள் கூட்டம் கலைந்து அவரும் நானும்தான் இருந்தோம். விரலில் சுண்ணாம்பை எடுத்தார். பானட்டில் பெருக்கல் குறி போட்டார். நிதானமாக, கோலம் போடுவதுபோல.

போகப் புறப்பட்ட என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். “மக்கா, என்னைக்காவது எந்த வண்டியாவது இப்படி ஆடினா, பிரேக்கைச் சவிட்டாத. ஸ்டியரிங்கை இறுக்காத, லேசாப் பிடி. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடு. அதுவாப் பையப் பைய அடங்கும். வண்டிய அடக்க வேண்டாம். உன்னை அடக்கினாப் போதும்.”

கோட்டாற்றில் முதலாளி சரக்குப் போட்டு வைத்திருந்த கிட்டங்கிக்கு நடந்துபோனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன்: ‘வண்டி நாலு நாளைக்கு ஓடாது முதலாளி.’ எளிய வாக்கியம். கிட்டங்கியில் முதலாளி என்றும் இல்லாத மலர்ச்சியோடு இருந்தார். மகளுக்குப் பறக்கை என்ற ஊரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். சம்பந்தி ஆகப்போகிறவர், நாளை மறுநாள் மண்டைக்காட்டுக் கொடைக்குத் தன்னோடு ஜீப்பில் வருவதாகச் சம்மதித்துவிட்டாராம். அந்தப் பக்கத்தில் ஜீப்பில் ஏறிய மனிதர் என்ற பெருமைக்காகவே அவர் சம்மதித்திருக்க வேண்டும்.

“வண்டி செரியாச்சாலே?”

உலகத்தில் எனக்கு இரண்டு பயம். ஒன்று ஜீப். மற்றது முதலாளி. ஜீப் அப்போது இரண்டு மைலுக்கு அப்பால் இருந்தது. முதலாளி இரண்டு அடியில் இருந்தார்.

“செரியாச்சு முதலாளி.”

கொடைக்குப் போகிற அன்று காலையில் ஷெட்டுக்குப் போனேன். மேஸ்திரி திருவனந்தபுரத்தில். ஷெட்டில் மூன்று வண்டிகள், என்னுடையதில் மட்டும் வெள்ளைக் குறி. காய்ந்த சுண்ணாம்பு லேசில் போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். பிறகு வேட்டி நுனியால் தேய்த்தேன். இருபது மைலுக்கு மேல் போவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டே தேய்த்தேன். வேகம் மட்டும் ஏறாவிட்டால் ஜீப்புக்கே தான் ஜீப் என்பது தெரியாதே! இந்தக் கணக்கில் நான் சேர்க்க மறந்தது, பக்கத்தில் உட்காரப்போகிறவர்களை.

பின்னால் குரல் கேட்டது. “ஏ பிள்ளே, அது மேஸ்திரி போட்ட குறியில்லா?”

கூடையும் தலையுமாகப் பிலோமி.

“காக்கா எச்சம்” என்றேன்.

“பெருக்கல் குறி போட்டு எச்சமிடுத காக்கா எந்த ஊருல இருக்குவே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். 

சம்பந்தி கிட்டங்கிக்கு வந்தார். கரை வைத்த பட்டுவேட்டி, தோளில் நேரியல், நாலு வீட்டுக்கு மணக்கிற ஜவ்வாது. அவர் முன்னால், முதலாளி பின்னால். இராஜாக்கமங்கலம் வழியாகப் புறப்பட்டோம். இருபது மைலில் ஓட்டினேன். கடற்காற்று, தென்னந்தோப்பு, கொடைக்குப் போகிற வண்டிகள். எல்லா வண்டியும் எங்களைத் தாண்டிப் போயிற்று. கொட்டடித்துக்கொண்டு போன ஒரு வில்வண்டியும் தாண்டியது. அதிலிருந்தவர்கள் எங்களுக்குக் கை காட்டினார்கள்.

சம்பந்தி மரியாதையாக, “ஜீப்புண்ணா இதைவிட வேகமாப் போவும்ணு சொல்லுவாங்க” என்றார்.

பின்னாலிருந்து முதலாளி என் தோளில் விரலால் குத்தினார். “என்னலே, பிணம் கொண்டு போறியா? சவிட்டு!”

சவிட்டினேன். இருபத்தைந்து. முப்பது. சம்பந்தி முகத்தில் சிரிப்பு வந்தது. இராஜாக்கமங்கலம் தாண்டி ஒரு சிறு கலுங்கு, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற பாலம். அதன் இந்தப் பக்கம் ஒரு சிறு பள்ளம். முன்சக்கரம் இறங்கி ஏறியது.

மேஸ்திரி எனக்குச் சொன்னது நான்கே காரியம். பிரேக்கைச் சவிட்டாதே என்றார். இரண்டு காலாலும் சவிட்டினேன். இறுக்காதே என்றார், மரத்தில் ஏறியவன் மரத்தைப் பிடிப்பதுபோல் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தேன். காலை எடு என்றார். எடுத்தேன், ஜீப்புக்கு வெளியே. உன்னை அடக்கு என்றார். ‘அம்மோ’ என்று நான் போட்ட சத்தம் மண்டைக்காட்டில் அம்மனுக்கே கேட்டிருக்கும். ஜீப் ரோட்டை விட்டு, தென்னைகளுக்கு நடுவே புகுந்து, ஒரு தென்னையையும் தொடாமல், நேரே குளத்தில் இறங்கி நின்றது.

நல்ல குளம் என்று நினைத்துவிடாதீர்கள். கயிறு திரிப்பதற்காகத் தேங்காய் மட்டையை, எங்கள் பேச்சில் தொண்டு, மாதக்கணக்கில் அழுகப் போடுகிற குளம். அதன் நாற்றத்தை எழுத்தில் கொண்டுவரும் ஆற்றல் எனக்கு இல்லை. இருந்தாலும் ஆசிரியர் வெட்டிவிடுவார். பட்டுவேட்டி கறுப்பு வேட்டியாகியிருந்தது. ஜவ்வாது தோற்றிருந்தது. சம்பந்தி வலது கையை இடது கையால் தாங்கியபடி இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்றார். மணிக்கட்டு ஒடிந்திருந்தது. கல்யாணப் பேச்சும் அதே இடத்தில்தான் ஒடிந்தது என்பது சாயங்காலம் தெரிந்தது.

முதலாளி தொண்டுகளுக்கு நடுவிலிருந்து எழுந்தார். தலையில் அழுகிய தேங்காய்ச் சௌரி, அதாவது நார், தொங்கியது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்தே செத்திருப்பேன்.

“மேஸ்திரி பாத்துத் தந்த வண்டிதானேலே இது?”

அந்த ஒரு நிமிஷத்தில் என் முன்னால் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஒன்று நீளமானது. அதில் சுண்ணாம்பு வரும், வேட்டி நுனி வரும், ‘நான்’ வரும். மற்றது குட்டையானது.

“பாத்தாரு முதலாளி... நட்டைச் செரியா முறுக்கல்ல போல.”

என் யோக்கியதையைக் காப்பாற்றிக்கொள்ள ‘போல’ என்று ஒன்றைக் கடைசியில் சேர்த்தேன். செய்தி கருங்கல் சந்தை போய்ச் சேர்வதற்குள் அந்தப் ‘போல’ உதிர்ந்துவிட்டது.

மறுநாள் ஜீப்பைக் காளை பூட்டி இழுத்து ஷெட்டு வாசலில் கொண்டு நிறுத்தினார் முதலாளி. பானட்டெல்லாம் சேறு. டிரைவர்கள் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலமே மேஸ்திரி திரும்பியிருந்தார். பேரிங் பொட்டலத்தோடு வந்து, ஜீப் நின்ற இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார்.

“உம்மை நம்பி வண்டி விட்டேனேவே! நட்டு முறுக்க நேரமில்லியா உமக்கு?” என்றார் முதலாளி.

“நான் வண்டியை விடல்லியே” என்றார் மேஸ்திரி. “குறி போட்டிருந்தேன்.”

“குறியா? எங்கவே குறி? காட்டும்!”

எல்லோரும் சேற்றைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“இந்தப் பிள்ளையாக்கும் அழிச்சது!” ரோட்டிலிருந்து பிலோமி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சத்தம் போட்டாள். “எச்சில் தொட்டு அழிச்சான். எங் கண்ணால கண்டேன்.”

“ஏட்டி, மீன் விக்க வந்தா மீன வித்திட்டுப் போ. ஒர்க்ஷாப்பு காரியத்துல உனக்கென்ன?” என்றார் முதலாளி. டிரைவர்கள் சிரித்தார்கள். மீன்காரி ஒருத்தியின் கண்ணைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. எழுதும்போது கை கூசுகிறது; ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மேஸ்திரி முக்காலியை இழுத்துப் போட்டார். சுளவை எடுத்து இரண்டு பிடி காணம் போட்டு என் கையில் தந்தார்.

“வாயால வேண்டாம் மக்கா” என்றார். “ஓட்டு.”

கண்ணை மூடினேன். கலுங்கையும் பள்ளத்தையும் நினைக்கப் பார்த்தேன். வரவில்லை. காய்ந்த சுண்ணாம்புதான் வந்தது. கண்ணைத் திறந்தபோது காணம் இடத்துக்கும் ஓடவில்லை, வலத்துக்கும் ஓடவில்லை. சுளவின் நடுவில் குவிந்து, இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி எந்த வண்டிக்கும் பார்க்காத நேரம் அதைப் பார்த்தார். பிறகு என் காதுக்கு மட்டும் கேட்கிறாற்போல் சொன்னார்:

“இதுல வண்டி இல்ல. முழுக்க நீதான்.”

அவர் விரல் வெற்றிலைப் பெட்டிக்குப் போயிற்று. சுண்ணாம்பை வழித்தது. என் நெற்றிக்குத்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். ஊரறியப் பெருக்கல் குறி. கண்ணை இறுக்கிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தால், விரலைக் காக்கிக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“போ” என்றார். “நீ ஓடிக்கிடுவே.”

மன்னித்துச் சொன்னாரா, பழுது என்று கழித்துச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.  பேரிங் பொட்டலத்தை மட்டும் எடுத்து என் கையில் வைத்தார். “எவனாவது மாட்டட்டும். இனி ஆடாது.”

கோட்டாற்றில் வேறொரு ஒர்க்ஷாப்பில் மாட்டினார்கள். ஜீப் அதன் பிறகு ஐம்பது மைலிலும் தண்ணீரில் தெப்பம் போவதுபோல் போயிற்று. சுளவு மேஸ்திரியால் முடியாததை இவன் முடித்துவிட்டான் என்று கோட்டாற்று மெக்கானிக்கின் பெயர் பரவியது. அந்தப் புகழ்ச்சியைப் பல தடவை நான் ஜீப்பில் உட்கார்ந்தபடியே கேட்டேன். தலையை ஆட்டினேன் என்றும் நினைக்கிறேன்.

ஷெட்டுக்கு வண்டிகள் உடனே நின்றுவிடவில்லை. முதலில், சுளவு ஆட்டமாட்டோம் என்றார்கள். “வாயால சொல்லுகேன், கேட்டாக் கேளும்.” மேஸ்திரி அதற்கும் பணிந்து, பொய்களைக் காதால் கேட்டுக்கொண்டார். பிறகு ஒருநாள், அவர் பெருக்கல் குறி போட்ட லாரி ஒன்றின் டிரைவர், அவர் கண்ணெதிரிலேயே துண்டால் குறியைத் துடைத்துவிட்டு, “நட்டு முறுக்கத் தெரியாதவரு குறி போட வந்துட்டாரு” என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மறு வாரம் ஷெட்டில் ஆள் இல்லை. புனலூர் பக்கம் எஸ்டேட் லாரிகளைப் பார்க்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சுளவு மட்டும் ஆணியில் தொங்கியது. அதைப் பிலோமி எடுத்துப் போய் நெத்திலி காயப்போட வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் எனக்கு மீன் தந்ததே இல்லை. முதல் தடவை மறுத்தபோது காரணமும் சொன்னாள்: “உன் கையில தந்தா செத்த மீனும் நடுங்கும்.” சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று தொடங்கிய சிரிப்புதான். அதை வைத்துத்தான் இத்தனை வருஷமாகப் பத்திரிகைகளில் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தடவை புனலூர் வரைக்கும் போனேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயா குடித்தேன். யாரை விசாரிக்க வேண்டும், என்ன பெயர் சொல்லி விசாரிக்க வேண்டும் என்று தெரியவில்லை. சுளவு என்றால் அங்கே யாருக்குப் புரியும்? வெப்ராளம் முக்காலுமாக அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

இப்போது டாக்ஸியோ பஸ்ஸோ, எதில் ஏறுவதானாலும் முன்பக்கம் போய்ப் பானட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். என்ன தேடுகிறேன் என்று டிரைவர்கள் கேட்கிறார்கள். வீட்டிலும் கேட்கிறார்கள். ஏதாவது ஒரு வேடிக்கை சொல்லிவிடுகிறேன்.

குறி இருந்தால் இனி அழிக்க மாட்டேன், மேஸ்திரி. இறங்கிவிடுவேன். மண்டைக்காடு என்றாலும் நடந்தே போய்க்கொள்வேன்.